எதற்கென்று கேட்காத சாயங்காலங்கள்

விட்டுவந்த ஊரை நினைத்து ஏங்குகிறவர்கள், ஊர் தூரத்தில் இருக்கிறது, போனாலும் பழைய வீடு இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. நாங்கள் படித்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, அன்று இருந்த அதே இடத்தில், அதே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு நான் குடிவந்த வீடு கேம்ப் ரோட்டுக்குப் பக்கத்தில். மாடியில் துணி உலர்த்தப் போனால் கல்லூரிக் காட்டின் உச்சிகள் தெரியும். கூடப் படித்தவர்களில் பலரும் ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், முடிச்சூர் என்று சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். பென்ஷன் பணம் கைக்கு வந்ததும் எங்கே வீடு வாங்கலாம் என்று யோசித்தபோது எல்லோருக்கும் முதலில் தோன்றியது தாம்பரம்தான். அடையாறிலும் அண்ணா நகரிலும் வாங்க வசதியிருந்தவர்கள்கூட இங்கே வந்தார்கள்.

இடம் இருக்கிறது. ஆட்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒன்று குறைகிறது. அது என்னவென்று எழுபதைத் தொட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த நான்கு வருஷத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க எங்களுக்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இன்று காரணமில்லாமல் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கல்யாணம், சதாபிஷேகம், ஆஸ்பத்திரி, துக்கம், வருஷத்துக்கு ஒரு முறை மண்டபம் பிடித்து நடத்தும் ரீயூனியன் என்று ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு முந்தியவர்களின் ஏக்கம் வேறு விதமானது. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி இது. நூறு ஆண்டு காலம் ஜார்ஜ் டவுனில், ஹைகோர்ட் பக்கம் இருந்தது. ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததும் பரிதிமாற் கலைஞர் தமிழ் கற்பித்ததும் அங்கேதான். 1937இல் மொத்தக் கல்லூரியும் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஜார்ஜ் டவுனில் படித்தவர்களுக்கு அதன்பிறகு திரும்பிப் போக ஓர் இடமில்லை. ஆண்டர்சன் பெயரைத் தாங்கிய தேவாலயம் ஒன்று மட்டும் அந்தப் பகுதியில் நிற்கிறது. அவர்கள் காலத்துப் பெரியவர் ஒருவர் நாங்கள் மாணவர்களாக இருந்தபோது கல்லூரி விழாவுக்கு வந்திருந்தார். எங்கள் வகுப்பறைகளை மரியாதையோடு சுற்றிப் பார்த்தார். முகத்தில் மட்டும் சொந்த ஊருக்கு வந்த சந்தோஷம் இல்லை. அன்று எங்களுக்கு அது புரியவில்லை.

தாம்பரத்தில் கிடைத்தது முந்நூற்று அறுபது ஏக்கருக்கும் மேற்பட்ட சேலையூர்க் காடு, முள்ளும் புதருமாக. ஸ்விட்சர்லாந்துக்காரரான ஹென்றி ஷெட்டி கட்டடங்களை வரைந்தார். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவி ஆலிஸும் மரங்களை நட்டார்கள். பார்ன்ஸ் பாடம் நடத்தியது வேதியியல்; மனம் போனது செடிகொடிகளிடம். மேற்கு மலைத்தொடரில் வளரும் ஒரு செடியின் தாவரவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. நாங்கள் நடந்த நிழல் அவர்கள் நட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ரயில் இல்லாமல் இவ்வளவு தொலைவில், ஒரு காட்டுக்குள், கல்லூரி வைத்திருக்க முடியாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மாம்பலத்திலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சீசன் டிக்கெட்டில் வந்துபோனவர்கள்.

மீதிப் பாதி ஹாலில். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று. ஹாஸ்டல் என்று யாரும் சொல்வதில்லை, ஹால்தான். நான் சேலையூர் ஹால். 1971இல் பி.யூ.சி. சேர்ந்து, 1975இல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து வெளியே வந்தேன். ராஜா ராமண்ணாவும் டி.என். சேஷனும் பௌதிகம் படித்த கல்லூரி என்று வகுப்பில் ஆசிரியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எங்களில் அந்த உயரத்துக்கு யாரும் போகவில்லை. பேங்க், ஏ.ஜி. ஆபீஸ், எல்.ஐ.சி., டெலிபோன்ஸ், ரயில்வே, பள்ளிக்கூடம் என்று போனோம்.

ஹாலில் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. ஒருவன் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருப்பான். இன்னொருவன் அவன் கட்டிலில் குப்புறப் படுத்து விகடன் படித்துக்கொண்டிருப்பான். ஒரு மணி நேரம் இருவருக்கும் பேச்சே இருக்காது. படித்து முடித்தவன் எழுந்து போவான். வந்ததற்கும் காரணம் இல்லை, போனதற்கும் காரணம் இல்லை. மூன்றாவது ஒருவன் டிரான்சிஸ்டரோடு வருவான். இலங்கை வானொலி பாடும். வராந்தாவில் நாலு பேர் சேர்வார்கள். மின்சாரம் போனால் எல்லோரும் புல்வெளிக்கு வந்துவிடுவோம். பேச்சு எங்கெங்கோ போகும். 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கிய வாரம் இரண்டு இரவுகள் யாரும் தூங்கவில்லை. கட்சிச் சண்டையில் பேச்சை முறித்துக்கொண்டவர்கள் மறுநாள் மெஸ்ஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாம்பாரைப் பரிமாறிக்கொண்டார்கள். வேறு பெஞ்ச் காலியாக இல்லை. சமாதானம் செய்துவைக்கவும் யாரும் தேவைப்படவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டேஷனுக்கு நடப்போம். டீ குடிக்க என்று பேர். டீக்காசு எல்லா நாளும் இருக்காது. தெற்கே போகும் ராத்திரி வண்டிகள் தாம்பரத்தில் நின்று போகும். தூத்துக்குடி வண்டி நிற்கும்போது எங்கள் கோவில்பட்டிக்காரன் பேச்சை நிறுத்திவிடுவான். பெட்டிகளில் இருக்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டே பிளாட்பாரத்தின் கோடி வரைக்கும் நடப்பான். ஊர்க்காரர் யாராவது இருக்க மாட்டாரா என்ற தேடல். வண்டி கிளம்பிய பிறகு திரும்பி வருவான். நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். முதல் வருஷம் அவன் அப்படி நடந்தபோது கேலி செய்தவர்கள், இரண்டாம் வருஷம் அவனோடு சேர்ந்து நடந்தார்கள். அவனுக்காக நடந்த நடைதான் நான் இன்றைக்கு மிகவும் விரும்பி நினைப்பது. கல்லூரியில் கற்ற பௌதிகம் பெரும்பாலும் மறந்துவிட்டது. அந்தப் பிளாட்பாரத்தின் நீளம் மறக்கவில்லை.

1975 ஜனவரியில் பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த நாள். 190 ரன்னுக்கு இந்தியா சுருண்டது; விஸ்வநாத் மட்டும் 97 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். கடைசி ஆட்டக்காரர் சந்திரசேகர் அவுட்டானபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது என்று டிக்கெட் கிடைத்து நேரில் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஹாலில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களும் நேரில் பார்த்ததுபோலவே சொல்கிறார்கள். சதத்துக்குக் குறைந்த அந்த மூன்று ரன்னைப் பற்றிய வாக்குவாதம் ஐம்பது வருஷமாக நடக்கிறது. அது முடிந்துவிடக் கூடாது என்று எல்லோருமே கவனமாக இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷமே பிரிந்தோம். ஆட்டோகிராப் புத்தகத்தில் முகவரி எழுதிக்கொடுத்தோம். எல்லாம் அப்பாக்களின் முகவரிகள்: வாடகை வீடுகள், ரயில்வே குடியிருப்புகள், கிராமத்துத் தெருக்கள். அப்பா மாற்றலானால் முகவரி செத்துவிடும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. முதல் இரண்டு வருஷம் இன்லண்ட் லெட்டர் வந்தது, போனது. மடிக்கும் ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுவோம். வேலை கிடைக்காத காலம் அது. அதைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதினோம். பிறகு ஒருவன் தன்பாத்துக்குப் போனான், ஒருவன் துபாய்க்கு, ஒருவன் ரயில்வே உத்தரவோடு ஹூப்ளிக்கு. கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகைதான் பல பேரிடமிருந்து கடைசியாக வந்த தபால். பிறகு பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் ஆபரேஷன், தங்கையின் கல்யாணம், வீட்டுக் கடன். முப்பது வருஷம் போனது தெரியவில்லை. ஒரே ஊரில், ஒரே மின்சார ரயிலில், வெவ்வேறு பெட்டிகளில் நாங்கள் போய்வந்திருக்கிறோம் என்பது பிற்பாடு பேசும்போது தெரிந்தது. ஒரு நண்பன் பல்லாவரத்திலும் நான் மீனம்பாக்கத்திலும் பல வருஷம் ஏறியிருக்கிறோம். எனக்கு அதைக் கேட்டபோது நெஞ்சை அடைத்தது. அந்த மீட்டர்கேஜ் வண்டிகளும் 2004இல் நின்றுவிட்டன.

ஓய்வுதான் எங்களைத் திரும்பக் கூட்டியது. மாநில அரசில் இருந்தவர்களுக்கு 58, மத்திய அரசிலும் பேங்கிலும் 60. அதற்கு முன்பே 2000, 2001 வாக்கில் பேங்க் வி.ஆர்.எஸ்.ஸில் வெளியே வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. தேடும் வேலையை ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான், அவர்களிடம்தான் நேரம் இருந்தது. டெலிபோன் டைரக்டரி, ஹால் பழைய மாணவர் பட்டியல், சம்பந்தியின் ஒன்றுவிட்ட தம்பி, பென்ஷனர் சங்கம், ஃபேஸ்புக் என்று ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். 2018இல் ‘96’ படம் வந்தபோது எங்கள் பிள்ளைகளே, “உங்க செட் எப்பப்பா கூடப்போறீங்க?” என்று கேட்டார்கள். தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த பள்ளித் தோழர்கள் கூடுகிற கதை, அவர்களுக்கு அப்பாக்களின் பழைய காலம் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது.

தேடிக் கிடைக்காமலே போனவர்கள் பெண்கள். இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் பெண்களும் படித்தார்கள். எல்லோரும் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள். மகளிர் பெட்டியில் வந்து, மகளிர் பெட்டியில் போவார்கள். எங்களை அவர்களும் அவர்களை நாங்களும் ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசினோம். பேசியதே குறைவு, ரெக்கார்டு நோட்டு கேட்க, பரீட்சைத் தேதி கேட்க. வருகைப் பதிவேட்டில் இருந்த அவர்களுடைய பெயரில் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு அது போய்க் கணவரின் பெயர் வந்தது, ஊர் மாறியது, சிலருக்கு வேலையும் நின்றது. டெலிபோன் டைரக்டரியில் அவர்கள் பெயரே கிடையாது, போன் கணவர் பெயரில் இருக்கும். எந்தச் சங்கத்திலும் எந்தப் பட்டியலிலும் பழைய பெயரால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஆண்கள் அநேகமாக எல்லோரும் கிடைத்த பிறகும் அவர்களில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. முதல் ஆள் கிடைத்தது தற்செயலாக. ஏ.ஜி. ஆபீஸ் பென்ஷனர் கூட்டமொன்றில் ஒரு நண்பனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள், தாம்பரம் என்ற சொல் காதில் விழுந்ததும், “நீங்க 75 பேட்ச்சா?” என்று கேட்டிருக்கிறார். அவர் மூலமாக இன்னொருவர், அவர் மூலமாக வேறொருவர்.

அந்த ஏ.ஜி. ஆபீஸ் அம்மாள் முதன்முதலாக எங்கள் கூட்டத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஹோட்டலின் ஏ.சி. அறை. நாங்கள் வழக்கம்போல ஹால் கதைகளை எடுத்துவிட்டோம். புல்வெளி, ராத்திரிப் பேச்சு, பிளாட்பார நடை எல்லாம் வந்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “உங்களுக்கெல்லாம் தொலைஞ்சதைத் தேட ஒண்ணு இருக்கு. எங்களுக்கு அது கிடைக்கவே இல்லையே. நாலரைக்கு லேப் முடியும், அஞ்சு மணி வண்டி. வீட்டுக்கு வர ஆறு மணியானா அம்மா வாசல்ல நிப்பாங்க. காலேஜ்ல புல்லு மேல உட்கார்ந்து பேசினதா எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை.”

அதுவரை எங்கள் ஏக்கம் எல்லோருக்கும் பொதுவானது என்று நினைத்திருந்தேன். ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே பாடத்தைக் கேட்டு, ஒரே பரீட்சை எழுதியவர்களுக்கு அந்த நேரம் மட்டும் கொடுக்கப்படவில்லை. மணிக்கணக்கில் வீணாக்க நேரம் கிடைப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதையும், அந்தச் செல்வம் எங்களில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் அவர் சொல்லித்தான் யோசித்தேன். இழந்ததற்கு ஏங்குவது ஒரு வலி. அடையாததற்கு ஏங்குவது அதைவிட ஆழமானது என்றே எனக்குப் படுகிறது.

இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. காலை ஐந்தரைக்கு முதல் வணக்கம் வரும். ரத்தச் சர்க்கரை அளவு, கண்புரை ஆபரேஷன் எங்கே நன்றாகச் செய்கிறார்கள் என்ற விசாரணை, நவம்பர் வந்தால் வாழ்நாள் சான்றிதழ் கொடுத்தாயிற்றா என்ற நினைவூட்டல், பேரக்குழந்தையின் நடனம். டல்லாஸில் மகனோடு இருக்கிறவனுக்கு நம் காலை அவனுடைய முந்தின நாள் சாயங்காலம். நியூ ஜெர்சிக்கு ஆறு மாதம் போய் வருகிற தம்பதிகள் குளிர் தாங்காமல் அக்டோபருக்குள் திரும்பிவிடுவார்கள். இதையெல்லாம் சலிப்பாகப் பார்க்கிற இளைஞர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய ஓர் ஆய்வு, கல்லூரி மாணவர்கள் 268 பேரை அவர்கள் கிழவர்களாகும் வரை பின்தொடர்ந்தது. பாஸ்டன் நகரத்து ஏழைப் பையன்கள் பலரையும் பிறகு சேர்த்துக்கொண்டது. எண்பது வயதில் யார் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதை, அவர்களுடைய ஐம்பது வயதுக் கொலஸ்ட்ரால் அளவைவிட, அந்த வயதில் உறவுகளில் அவர்கள் கண்ட நிறைவுதான் தெளிவாகக் காட்டியது என்று அந்த ஆய்வை நடத்துகிற ராபர்ட் வால்டிங்கர் சொல்கிறார். எங்கள் காலை வணக்கத்தை நான் அப்படித்தான் மதிக்கிறேன். ஒருவனிடமிருந்து எட்டு மணி வரை வணக்கம் வரவில்லை என்றால் யாராவது போன் செய்துவிடுவோம். தனியாக இருக்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஒரே நாளில். அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. எங்கள் நண்பன் ஒருவன் முடிச்சூரில் தரைத்தளத்தில் இருந்தான். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. இங்கே இருந்த எங்களுக்கு அடுத்த தெருச் செய்திகூடத் தெரியாத இருட்டு. எப்போதாவது ஒரு போனில் ஒரு நிமிஷம் சிக்னல் வரும், அதில் ஒரு செய்தி போகும். டல்லாஸ்காரன் அங்கே விழித்திருந்து, யாரிடமிருந்து எந்த நேரத்தில் என்ன செய்தி வந்தது என்று ஒரு தாளில் எழுதிவைத்தான். முடிச்சூர்க்காரனிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. பெருங்களத்தூரில் இருந்த இன்னொருவன், அறுபது வயதுக்காரன், கல்லூரி நாட்களில் முடிச்சூர்க்காரனோடு பெரிதாகப் பழகாதவன், பேன்ட்டை மடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு வழியாகக் கிளம்பிவிட்டான். முடிச்சூர்க்காரனின் தெருமுனை வரைதான் அவனால் போக முடிந்தது. அதற்குமேல் மார்பளவு தண்ணீர். அங்கேயே நின்றான். படகில் வந்து இறங்கியவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றான். சாயங்காலம் அந்தத் தம்பதி ஒரு படகில் வந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் அவர்களை மேலே ஏற்றி வைத்திருந்திருக்கிறார்கள். பெருங்களத்தூர்க்காரன் வீட்டில் அவர்கள் பொங்கல் வரைக்கும் இருந்தார்கள்.

“ஏண்டா, நாம காலேஜ்ல சரியாப் பேசினதுகூட இல்லையே” என்று பிறகு ஒரு நாள் முடிச்சூர்க்காரன் கேட்டானாம். “அதுக்கென்ன, நீ நம்ம செட்டு” என்றானாம் மற்றவன்.

புறநானூற்றில் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நட்பு கொண்டவர்கள். சோழன் உறையூரில் வடக்கிருந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து வரப்போகிற நண்பனுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான், ஆந்தையாரும் வந்தார். பள்ளியில் படித்தபோது இது எனக்கு ஒரு கதையாகத்தான் பட்டது. நரை இல்லாமல் இருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு, தன் வீட்டாரும் ஊராரும் நல்லவர்களாக அமைந்ததையே அவர் காரணமாகச் சொன்னார் என்பதும் வெறும் பாடமாகத்தான் தெரிந்தது. இப்போது எனக்கு அந்த ஒதுக்கிவைத்த இடம்தான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. 2021 மே மாதம் கொரோனாவில் எங்களில் சிலர் போனார்கள். எந்தத் தகனத்துக்கும் யாரும் போக முடியவில்லை. வீடியோவில் பார்த்தோம். கோவில்பட்டிக்காரனும் அதில் ஒருவன். அவனுக்காக ஒருவராவது அந்தக் கடைசி நடையை நடந்திருக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் போன பிறகுதான் ரீயூனியன்களில் எனக்கு மனம் ஒட்டாமல் போனது. அதை நடத்துகிறவர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள்மேல் மரியாதை உண்டு. பேட்ஜ், சால்வை, பழைய ஆசிரியருக்குப் பூங்கொத்து, குழு போட்டோ, அறிமுக உரை, மூன்றரை மணிக்கு நன்றியுரை எல்லாம் இருக்கும். ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து எங்கே வேலை பார்த்தோம், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வோம். ஆனால் 1973இல் எங்களில் யாருக்கும் சொல்லிக்கொள்ள ஒரு வேலையும் இல்லை, ஒரு பிள்ளையும் இல்லை. அப்படி எதுவும் இல்லாமல் இருந்த என்னைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இவர்கள்தான். அப்பா அம்மா போய்விட்டார்கள், அண்ணனும் போய்விட்டார். மனைவிக்குத் தெரிந்தது பேங்க் கிளார்க்காக இருந்த என்னைத்தான். மிச்சமிருக்கும் இவர்களிடமும் நான் என் விவரத்தை மைக்கில் சொல்லிவிட்டு உட்கார வேண்டுமா?

இதை ஒரு நாள் குழுவில் எழுதினேன். ஏ.ஜி. ஆபீஸ் தோழிதான் முதலில் பதில் போட்டார். இப்போதெல்லாம் அவர் எங்களை ‘நீ, வா’ என்றுதான் சொல்கிறார். எழுபது வயதில் கிடைத்த அந்த உரிமை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. “நீங்க ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பேசினதை இத்தனை வருஷமா சொல்லிட்டே இருக்கீங்க. ஒரு ராத்திரி ஏற்பாடு பண்ணுங்களேன். நிகழ்ச்சி நிரல் இல்லாம. நான் வரேன்” என்று எழுதியிருந்தார். மற்றத் தோழிகளும் கைதூக்கினார்கள். ஒருவர் மட்டும் கணவரைத் தனியாக விட்டுவர முடியாது என்று எழுதினார். கணவருக்கு மறதி நோய். அவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம். எங்களில் ஒருவன் மாற்றி ஒருவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் குறையும். சேலையூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபத்தைப் பார்த்தேன். கீழே மூன்று அறைகள், மேல்நாட்டுக் கழிப்பறை, பின்பக்கம் வேப்பமரத்தடியில் சிமென்ட் திண்ணை. மேனேஜர் பதிவு நோட்டை விரித்துக்கொண்டு, “என்ன விசேஷம் சார்?” என்றார்.

“விசேஷம் எதுவும் இல்லைங்க.”

“வயசானவங்க எல்லாம் வராங்கன்னீங்களே, சஷ்டியப்த பூர்த்தியா, பீமரத சாந்தியா?”

“இல்லைங்க. கூடப் படிச்சவங்க. ராத்திரி தங்குவாங்க, காலையில போயிடுவாங்க.”

அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முன்பணத்துக்கு ரசீது போட்டார்.

டல்லாஸ்காரன் ஜூலையில் வருகிறான், தேதியை அவனுக்காகவே ஒரு வாரம் தள்ளி வைத்தோம். திருச்சி நண்பன் பல்லவனில் டிக்கெட் எடுத்துவிட்டான். ரயிலில் முதியோருக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திய பிறகு அவன் அடிக்கடி வருவதில்லை, இதற்கு வருகிறான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தாம்பரத்தில் இறங்கிவிடுவான். மதுரை, நெல்லைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கி மாறுவது எப்படி என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். முடிச்சூர்க்காரன் காரில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வருவான். ராத்திரிக்கு இட்லியும் சாம்பாரும், காலையில் கஞ்சி. மாத்திரைப் பெட்டியை அவரவர் கொண்டுவர வேண்டும். மண்டபத்துக்காரர் மைக் செட்டும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். குழுவில் கேட்டேன். தோழி உடனே பதில் அனுப்பினார்: “மைக் வேண்டாம். பாய் மட்டும் கூடுதலா வாங்கி வை, திண்ணை குளிரும்.”